கோழிக்கூட்டுக்கு அடியில்

எனக்குக் கோழி வளர்க்கத் தெரியாது, ஷெரீஃப். பிறகு எதற்கு அந்த வீட்டைக் கோழிகளோடு வாங்கினாய் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

இருபத்தேழு வருடமாக இந்த ஊரில் தங்க நாணயம் விற்கிறேன். 2008-இல் பங்குச் சந்தை சரிந்தபோது வெர்னன் குசேரா கடைக்கு வந்தார். ரயில்வேயில் உழைத்துச் சேர்த்த ஓய்வுக்காலப் பணம் ஒரே இலையுதிர் காலத்தில் பாதியாகியிருந்தது. மிச்சத்தை ரொக்கமாகக் கொண்டுவந்து தங்கமாக்கச் சொன்னார். சூடு கண்ட பூனை அல்லவா, வங்கிப் பெட்டகம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னேன்: பிளாஸ்டிக் குழாயில் அடைத்துப் புதைத்துவிடு, யாரிடமும் மூச்சு விடாதே.

"ஆர்லீன்கிட்டகூடவா?" என்றார். ஆர்லீன் அவர் மனைவி.

"அவகிட்ட சொன்னா அவ தங்கச்சிக்குப் போகும். அங்கேருந்து சர்ச்சுக்குப் போகும். அப்புறம் நீ புதைச்ச எடத்துல ஊரே நின்னு காபி குடிக்கும்."

சிரித்தார். நெஞ்சுவலிக்காரர் தனியாகக் குழி தோண்டக் கூடாது என்று நானும் போனேன். ஆர்லீன் சர்ச்சில் போர்வை தைக்கப் போகும் புதன்கிழமை அது. கோழிக்கூட்டை நகர்த்தினோம், தோண்டினோம், குழாயை இறக்கி மூடினோம். கூட்டைத் திரும்ப இழுக்கும்போது அவர் உட்கார்ந்துவிட்டார்.

"எமில், மாத்திரை வண்டில இருக்குப்பா. சீக்கிரம்."

வண்டி இருபதடி தூரம்தான். போனேன், மாத்திரைக் குப்பியை எடுத்தேன். பிறகு முன்சீட்டில் உட்கார்ந்து, வானொலியில் சோள விலை சொல்லி முடிக்கும்வரை கேட்டேன். அவர் இரண்டு முறை கூப்பிட்டார். மூன்றாவது முறை கூப்பிடவில்லை.

அடக்கத்தன்று ஆர்லீன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பணத்தை என்ன பண்ணாருன்னு உன்கிட்டயாவது சொன்னாரா எமில்?"

இல்லை என்றேன். பாவமாகத்தான் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க வழியில்லாமல், ரொட்டி சுடும் அடுப்பின் கதவைத் திறந்து வைத்து அதன் முன்னால் தூங்கினாராம். வசந்தத்தில் வீட்டை விற்றார். பேரம்கூடப் பேசாமல் நான் வாங்கிக்கொண்டேன்.

வெர்னன் பெயர் ஒட்டிய அந்த மாத்திரைக் குப்பியை, நீங்கள் வந்து எடுக்கும்வரை இழுப்பறையில் வைத்திருந்தது என் தவறு. இனி என் பெயரில் உள்ள மற்ற மூன்று வீடுகளையும் கேட்பீர்கள். அங்கேயும் இதே கதைதான், கோழிகள் மட்டும் இல்லை. ஆனால் ஒன்றைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், ஷெரீஃப். உயிரோடு இருக்கும் ஒருவரிடம்கூட நான் குண்டுமணித் தங்கம் எடுத்ததில்லை.