நாற்பத்திரண்டு தையல்

நம் கல்பாக் தொப்பியை வெந்நீரில் நனைக்கக் கூடாது. பலருக்கு இது தெரிவதில்லை. கம்பளி சுருங்கி, பெரியவர் தொப்பி பிள்ளைத் தொப்பியாகிவிடும். கொஞ்சம் மாவைத் தூவி, பிரஷ்ஷால் தட்டி எடுத்தால் போதும். உங்களுக்குப் பின்னால் ஆணியில் ஒன்று தொங்குகிறதே, அதற்காகச் சொன்னேன். தலைக்கு மேலே மாட்டியிருக்கிறீர்கள். அதைப் பார்த்ததும்தான் உங்களிடம் பேசலாம் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

என் பெயர் பூருல் இமானலியேவா. வயது ஐம்பத்தேழு. பிஷ்கேக் விமான நிலையத்தில் எங்கள் கம்பெனியின் விமான ஊழியர்களுடைய தோற்றத்தைச் சோதிப்பவள். புறப்படுவதற்கு முன் டாக்டர் அவர்களுடைய ரத்த அழுத்தத்தைப் பார்ப்பார். அடுத்த மேசையில் மிச்சம் எல்லாவற்றையும் நான் பார்ப்பேன். பெண்களுக்குச் செருப்பின் குதி உயரம் ஐந்து சென்டிமீட்டர், கழுத்துத்துணி முடிச்சு இடது பக்கம், உதட்டுச்சாயம் பன்னிரண்டாம் நம்பர். என் கையெழுத்து இல்லாமல் யாரும் படியேற முடியாது. இருபத்தாறு வருடத்தில் என்னால் ஒரு விமானமும் தாமதமானதில்லை. ஒரே ஒரு முறை, ஒரு துணை விமானியின் காலுறை விஷயமாக, நான்கு மணி நேரம் ஆனது.

பணிப்பெண்களின் தலைவி ஜிபாரைப் பத்தொன்பது நாளாகக் காவலில் வைத்திருக்கிறீர்கள். அவள் அதைச் செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். இத்தனை நாள் என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். என் கறுப்புக் கோட்டு சலவைக்குப் போயிருந்தது. இப்படிப்பட்ட இடத்துக்குப் பழுப்புக் கோட்டில் வர முடியாது.

முதலிலிருந்து சொல்கிறேன். மார்ச் ஐந்தாம் தேதி, கல்பாக் நாள் முதல், விமானிகள் சீருடையோடு வெள்ளைக் கல்பாக்கும் அணிய வேண்டும் என்று கம்பெனி உத்தரவு போட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்தெட்டு தலைகளை நானே அளந்தேன். கேப்டன் கெங்கெஷின் தலைதான் பெரியது, அறுபத்திரண்டு சென்டிமீட்டர். எது நடந்தாலும் கழலாமல் இருக்க ஒவ்வொன்றின் உள்ளேயும் எலாஸ்டிக் வைத்துத் தைத்தேன். ஒரு மாதம் கண் எரிய எரிய வேலை செய்தேன்.

எல்லோருக்கும் நான் எஜே, அதாவது அக்கா; கேப்டன் பாய்கே, அண்ணன். முதல் நாளே ஊழியர் அறையில் கெங்கெஷ் ஆரம்பித்தார்.

"எஜே, இது மேல ஹெட்ஃபோன் மாட்டுனா டவர்ல பேசுறவன் ஏதோ கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு."

"அதுக்கு?"

"கதவ சாத்துனதும் தொப்பிய கழட்டிருவேன்."

"கழட்டி எங்க வெப்பீங்க?"

"எங்கயாவது."

அந்த 'எங்கயாவது' என்பதை என் நோட்டில் குறித்துக்கொண்டேன். ஜிபார் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவளுக்கு அது வராது.

"எஜே, பாய்கேக்கு ஒரு ஆணி அடிச்சுக் குடுங்க. இல்லேன்னா சூரியகாந்தி வெதத் தோல அதுலதான் துப்புவாரு."

"உன் டீய குடிக்கிறதுக்கு அந்தத் தோலயே தின்னலாம்" என்றார் கெங்கெஷ்.

"என்னிக்காவது உங்க காது வயர வெட்டிப் போடுறேனா இல்லையா பாருங்க. அப்பவாச்சும் நாங்க சொல்றது காதுல விழும்."

எல்லோரும் சிரித்தார்கள். பத்துப் பேர் கேட்ட அந்தப் பேச்சுதான் இப்போது அவள் கழுத்தைச் சுற்றியிருக்கிறது.

ஒரு வாரத்தில் நரின் ஊர்ப் பெரியவர் ஒருவர் தாடியும் கைத்தடியுமாக எங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து பயணம் செய்தவர். ஜிபார் டீ கொண்டுபோகக் கதவைத் திறந்தபோது உள்ளே பார்த்திருக்கிறார். கேப்டனின் கல்பாக் கால்மாட்டில் சட்டிபோல் மல்லாந்து கிடந்தது. அதில் பாதிக்கு மேல் விதைத் தோல்.

"எங்கப்பன் தூங்குறப்பகூட அத தலமாட்டுலதாம்மா வெச்சான்" என்றார். "உங்க ஆளு காலடியில போட்டு எச்சி துப்புறான். தொப்பிய மதிக்காதவன் கையில உசுரக் குடுத்துட்டு நான் எப்படிம்மா உக்கார்றது?"

அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். என் கணவர் இறந்தபோதுகூட அவ்வளவு அழவில்லை. அவரை நல்ல கோட்டுப் போட்டுத்தான் அனுப்பிவைத்தோம்.

முறைப்படி மூன்று கடிதம் எழுதினேன். விமானிகள் பிரிவுத் தலைவர் கூப்பிட்டு, "எஜே, காது கேக்கணுமா, தலையில தொப்பி நிக்கணுமா? நீங்களே முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. இரண்டு நாள் நிதானமாக யோசித்து நான் முடிவு பண்ணினேன்.

என் வாதத்தை நீங்கள் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். விமானக் கருவிகள் பொறியாளர்களின் பொறுப்பு, அதில் நான் தலையிட்டதே இல்லை. ஊழியர்கள் தலையில் அணிவது என் பொறுப்பு. ஹெட்ஃபோனைத் தலையில் அணிகிறார்கள். சீருடைப் பட்டியலில் அது இல்லை. அனுமதியில்லாத தோடு என்றால் கழற்றச் சொல்வேன். இது கொஞ்சம் பெரிய தோடு, அவ்வளவுதான்.

நௌருஸ் புத்தாண்டுப் பண்டிகைக்கு முந்தைய நாள், விமானத்தைச் சுத்தம் செய்யும் பெண்களோடு நானும் உள்ளே போனேன். விமானி அறையில் ஒரு ஸ்பீக்கர் உண்டு, தட்டில் சின்னச் சின்னத் துளைகளோடு. டவரில் பேசுவது அதில் கரகரவென்று கத்தும். மரியாதையான அறையில் இருக்கிற சத்தமல்ல அது. அதற்கு வெள்ளைக் கம்பளியில், ஆட்டுக்கொம்புக் கோலம் போட்டு, இரண்டு மடிப்பாக ஓர் உறை தைத்து வைத்திருந்தேன். மெத்தை தைக்கிற வளைந்த ஊசி ஒரு துளையில் நுழைந்து அடுத்த துளையில் வரும். சுற்றிலும் தைத்து முடித்தேன். அதை யாரும் கவனிக்கவில்லை. ஹெட்ஃபோன் இருக்கும்போது ஸ்பீக்கரை யார் பார்க்கப் போகிறார்கள்? உபரியாக இருந்த ஹெட்ஃபோனை என் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை ஓஷ் நகரத்துக்குப் போகிற விமானத்தில், சோதனைக்காக என்று விமானிகளின் பின்னால் இருக்கும் மூன்றாவது இருக்கையில் உட்கார்ந்தேன். பயணிகள் நூற்று நாற்பத்தொரு பேர். மலைகளைத் தாண்டியதும், கம்பெனியின் பண்டிகை ஆல்பத்துக்கு ஒரு படம் எடுக்க வேண்டும் என்றேன். கெங்கெஷும் துணை விமானி ரீனாத்தும் ஹெட்ஃபோனைக் கழற்றி இருக்கைக்குப் பின்னால் தொங்கவிட்டார்கள். ஸ்பீக்கர் சுவிட்சைப் போட்டுவிட்டுக் கல்பாக்கை அணிந்தார்கள். எவ்வளவு அழகாக இருந்தார்கள் தெரியுமா? "இறங்குற வரைக்கும் இப்படியே இருங்க, இன்னும் ரெண்டு படம் எடுக்கணும்" என்றேன். பிறகு கத்தரிக்கோலை எடுத்து இரண்டு வயரையும் வெட்டினேன். ஜிபார் டீயோடு வந்துபோனது அதற்கு அப்புறம்தான்.

கொஞ்ச நேரம் கழித்து ரீனாத், "பாய்கே, ஸ்பீக்கர்ல ஒண்ணுமே கேக்கலயே" என்றான்.

"பண்டிகைடா. ஒரு நாளாச்சும் திட்டு வாங்காம போவோம்" என்றார் கெங்கெஷ்.

ஓடுபாதை பக்கத்தில் வந்தபோதுதான் ரீனாத்துக்குச் சந்தேகம் வந்தது. பின்னால் கைவிட்டு ஹெட்ஃபோனை இழுத்தான். வெறும் முனை வந்தது. இருவரும் வயரைத் திரும்பிப் பார்த்த நேரத்தில், ஓடுபாதையில் நின்ற ஆரஞ்சு நிறப் பழுதுபார்க்கும் வண்டியை முதலில் பார்த்தவள் நான். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் இறங்கும்போது விமானி அறையில் மற்றவர்கள் பேசக் கூடாது என்பது விதி.

இறக்கை வண்டியில் மோதியது. விமானம் சேற்றில் சறுக்கி, பக்கவாட்டில் சாய்ந்து நின்றது. பதினாறு பேர் ஆஸ்பத்திரியில். வண்டி ஓட்டியவருக்கு இரண்டு காலும் போய்விட்டன. எனக்கு வருத்தம்தான். அவர் வெறுந்தலையோடு வேலை செய்துகொண்டிருந்தார் என்பதையும் நான் கவனித்தேன். கெங்கெஷையும் ரீனாத்தையும் ஜன்னல் வழியாக இறக்கினார்கள். இருவர் தலையிலும் கல்பாக் அப்படியே இருந்தது. பத்திரிகைகள் இதை மட்டும் எழுதவில்லை.

அன்றே உங்கள் ஆட்கள் என்னிடம் கேட்டார்கள். எந்தக் கருவியையும் தொடவில்லை என்றேன். அது உண்மை. முதலுதவிப் பெட்டியில் ஜிபாரின் சின்னக் கத்தரி இருந்தது, அவள் பேசியதற்குப் பத்து சாட்சிகள் இருந்தார்கள், அவளைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். போலீஸ் வண்டியில் ஏறும்போது அவள் என்னைப் பார்த்து, "எஜே, நீங்களாவது சொல்லுங்க" என்றாள். அவள் கொண்டை அவிழ்ந்திருந்தது. எத்தனை தரம் சொல்லியும் கேட்காதவள், சில நாள் உள்ளே இருந்தால் ஒழுங்கு வரும் என்று நினைத்தேன். அவளுக்கு ஆறு வயதில் மகள் இருக்கிறாள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

நேற்று கோட்டு வந்தது. மனசாட்சியும் உறுத்தியது, அதனால் வந்தேன். கோட்டைச் சுற்றிக் கொடுத்த பத்திரிகைத் தாளில் உங்கள் அறிக்கை இருந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதில், 'குற்றவாளி ஸ்பீக்கர் மேல் ஒரு துணியைக் கன்னாபின்னாவென்று தைத்திருக்கிறார்' என்று போட்டிருந்தது. ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த வரியை நீங்கள் திருத்த வேண்டும். ஜிபாருக்கு ஒரு பொத்தான்கூட ஒழுங்காகத் தைக்க வராது. அதைத் தைத்தது நான். வயரை வெட்டியதும் நான். ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் மூன்று மில்லிமீட்டர், அளவுகோல் வைத்துப் பாருங்கள்.

வண்டி ஓட்டியவரின் பெயர் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியாது. தையல் நாற்பத்திரண்டு.