‘லயத்துக் கதவு’ பாடிய சிவராணி

மேடையில் வீற்றிருக்கும் விழாக்குழுத் தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, தாய் சிவராணியை இழந்து நிற்கும் அபிசா, திரண்டிருக்கும் கலைஞர்களே, உறவுகளே, உங்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் பள்ளிமுனை டிலோஜன். சிவராணி அக்காவின் அல்பத்துக்குக் கிட்டார் வாசித்தவன்.

எனக்குப் பின்னால் ‘மன்னார் வளர்த்த குரல்’ என்று அஞ்சலிப் பதாகை எழுதிக் கட்டியிருக்கிறீர்கள். யார் வளர்த்தது?

மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டு வெள்ளாங்குளத்துக்கு வந்த செல்லாயியின் மகள் அவர். இருபத்துநாலு வயதில் அவர் பாடிய பொப் பாட்டு ஒலிக்காத கலியாண வீடு இந்தக் கரையில் இல்லை. பிறகு சினிமாப் பாட்டுக்காரரைக் கூப்பிட்டோம். அவரை மறந்தோம். பொப் பாடகி சிவராணி கச்சான் கடலை பிடுங்கக் கூலிக்குப் போனார்.

நாலு வருடத்துக்கு முன் விழாக்குழுவிடம் ஒரு பாட்டுக்கு இடம் கேட்டு வந்தார். “அக்கா, உங்கட காலம் முடிஞ்சுது” என்றார் ஒருவர். “அந்தத் தோட்டக்காட்டுப் பேச்சு இன்னும் போகேல்ல” என்றார் இன்னொருவர். சிரித்தார்கள். அவர்கள் இருவரும் இங்கே இருக்கிறார்கள். அன்றைக்கு அந்தக் குழுவில் நானும் இருந்தேன். வாய் திறக்கவில்லை. என் கோபம் முதலில் என்மேல்தான்.

அடுத்த நாள் காலை என் வீட்டு வாசலில் நின்றார்.

“தம்பி, இவ்வளவு நாளும் ஒங்க பேச்சுல பாடினேன். இனிமே எங்கம்மா பேச்சுலதான் பாடப்போறேன். கிட்டார் வாசிப்பீங்களா?”

ஓம் என்று சொல்ல எனக்கு மூன்று நாள் எடுத்தது. அதற்காகவும் வெட்கப்படுகிறேன்.

நுஸ்ரியாவின் சின்ன ஒலிப்பதிவு அறையில் எட்டுப் பாட்டுகள் பதிந்தோம். தெருக் கழுதை கத்தியதால் ஒரு பாட்டை நாலு தரம் பாடினார். அல்பத்தை விற்பனைக்கு எடுக்க வந்தவர் மலையகச் சொற்களை மாற்றச் சொன்னார். “ஒரு சொல்ல மாத்துனாலும் நான் பஸ் ஏறிடுவேன்” என்றார் அக்கா.

தோட்டத்து வரிசை வீடான லயத்தின் பேரோடு ‘லயத்துக் கதவு’ அல்பம் வெளிவந்தது. தோட்டத்துப் பிள்ளைகளின் போன்களில் அவர் குரல். தனியார் பஸ்களில் அவர் குரல். பதுளையில் கூப்பிட்டார்கள், யாழ்ப்பாணத்தில் கூப்பிட்டார்கள், கனடாவில் கூப்பிட்டார்கள். காலம் முடிந்தது என்ற அதே குழு கார் அனுப்பியது. காரைத் திருப்பி அனுப்பிவிட்டு, பஸ்ஸில் வந்து பாடினார். போர்த்திய பொன்னாடையை மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நாற்பத்தாறு வயதில் மாரடைப்பு வந்து போய்விட்டார் என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் அந்த அல்பத்துக்குப் பிறகு அவருக்குக் கிடைத்தது இரண்டரை வருடம். அதற்கு முன் பதினைந்து வருடம் அந்தக் குரலை யார் பூட்டி வைத்தது? அதற்கும் மாரடைப்பா காரணம்?

அவர் பாடி முடித்து, இன்னும் வெளிவராத நாலு பாட்டுகள் நுஸ்ரியாவிடம் இருக்கின்றன. ஒரு சொல்லும் மாறாமல் அவற்றை வெளியிடுவோம். அடுத்த மாதம் வெள்ளாங்குளத்தில் அபிசா அவற்றைப் பாடுவாள். நான் வாசிப்பேன். குழுவின் அனுமதி கேட்க மாட்டோம். அன்றைக்கும் சிரிக்க நினைப்பவர்கள் வாருங்கள். அக்காவின் பேச்சையே பேசும் அந்த ஊர்ச் சனத்துக்கு நடுவில் இருந்து சிரித்துக் காட்டுங்கள்.