தீவனக்குழியில் நிச்சயதார்த்தம்

— வாசியும் ஓய் அனீசியோ! பெட்டி ஓய்ஞ்சா காலும் ஓய்ஞ்சிரும்.

— எம்மா துர்வலினா, காலையில புடிச்ச அக்கார்டியன். அதுக்கே இளைப்பு வந்து இழுக்குது. ஒரு மடக்குச் சாராயம் ஊத்தேன்.

— சாராயம் ஆடுதவனுக்கு. உமக்குத் தண்ணி.

— ஆடுறதுக்கு வேற இடமா இல்ல? குழிக்குள்ள நறுக்கிப்போட்ட சோளத்தட்டை பாவாடைக்குள்ள குத்துதுன்னு துள்ளுறாளுங்க. இதுக்குப் பேரு நடனமா?

— துள்ளட்டும்! வறட்சிக்காலத்துக்கு மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊறுகாய் போடுதேன் ஓய். நல்லா மிதிச்சு, காத்தை வெளியேத்தி, பொழுது சாயுறதுக்குள்ள மண்ணைப் போட்டு மூடணும். போன வருசம் காத்து நின்னு பூராவும் பூசணம். வாயில வச்ச மாடு என் மூஞ்சியிலேயே துப்பிச்சு. பாதி ஆடு பட்டினியில போச்சு. இதுவும் கெட்டா மிச்சத்தை வித்துட்டு, சாவ் பாவ்லோ பட்டணத்துல எவ வீட்டுலயாவது பாத்திரம் தேய்க்கணும்.

— மிதிக்க ஆளைக் கூப்பிடுறது.

— கூப்பிட்டேனே! ஒருத்தனுக்கு முதுகு, ஒருத்தனுக்கு மூட்டு. பெர்னார்டினோ செத்தே போயிட்டான்னு பொண்டாட்டியை விட்டுச் சொல்லச் சொன்னான். அங்க பாரும், செத்தவன் மூணு பொம்பளையைச் சுத்துதான்! பாதிரியார்கூட அங்கியைத் தூக்கிக்கிட்டு மிதிக்காரு. கர்த்தருக்காகக்கூட அந்த மனுசன் இப்படி வேர்த்ததில்ல.

— அந்தோணியார் திருநாளுக்கு இன்னும் நாள் கிடக்கே. என்ன விசேஷம்னு கூப்பிட்ட?

— நிச்சயதார்த்தம்னு.

— யாருக்கு?

— எனக்குத்தான். விதவை மறுபடி கட்டிக்கிடுதான்னா நொண்டியும் ஓடி வருவானே, வேடிக்கை பாக்க.

— மாப்பிள்ளை?

— மடியில பெட்டியை வச்சுக்கிட்டுக் கேள்வி கேக்காரு.

— அடி ஆத்தே! என்னை ஒரு வார்த்தை கேட்டியா?

— கேட்டா, பெட்டியைப் போட்டுட்டு ஆத்தைத் தாண்டியிருப்பீரு. பயப்படாதேயும். குழி மூடினதும் நாலு பேருக்கு முன்னால சண்டை போடுவோம். உமக்குக் குறட்டைன்னு சொல்லுதேன், எனக்கு வாய் நீளம்னு சொல்லும். முடிஞ்சுபோச்சு.

— அதெல்லாம் நடக்காதும்மா.

— ஏன் ஓய்?

— எனக்கு நேத்தே தெரியும். சந்தையில கடைக்குக் கடை கையைப் புடிச்சு வாழ்த்திட்டாங்க. என் நிலத்துல ஆடு கடிக்க ஒரு செத்தை கிடையாது. அதான், நீ இங்க தட்டை நறுக்கிட்டிருந்தப்பவே என் ஆடு அத்தனையையும் ஓட்டிவந்து உன் பட்டியில அடைச்சுட்டேன்.