வாயில் அடக்கிய வரிகள்

— அந்த வேலைநீக்கக் கடுதாசியில கையெழுத்துப் போட்டுடாதீங்க சார். ஒரு நிமிஷம்.

— ப்ரோக்ராம் கம்பெனிலேருந்து வந்திருக்கீங்க, மரியாதைக்குக் கேக்கறேன்மா. மோட்டார் பாத்துக்க வேண்டியவரு தூங்கிட்டாரு, தொட்டி வழிஞ்சு கீழ் வீடெல்லாம் தண்ணி. எஞ்சினியர் நான் இதுல என்ன ஆராய்ச்சி பண்றது?

— எம் புள்ளைங்க மேல சத்தியமா தூங்கலை சார். மோட்டார் ரூம்ல எழுத்து ஓடுற மின் அறிவிப்புப் பலகையையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். ‘தொட்டி நிரம்பிடுச்சு’ன்னு ஒரு எழுத்து வரலை. தண்ணி வாசலுக்கு வந்தப்புறம் காலையிலேருந்து வந்திருக்க வேண்டியது மொத்தமும் மடமடன்னு கொட்டுச்சு.

— பொய்யைப் பொருந்தச் சொல்லுய்யா. என் ரூம்ல அதே ப்ரோக்ராமை ஓட்டிப் பாத்தேன். திரையில வரி வரியா ஒழுங்கா வருது.

— அங்கதான் சார் விஷயம். அது சி மொழியில எழுதின ப்ரோக்ராம். நேரா திரைக்குன்னா ஒவ்வொரு வரியா அனுப்பிடும். பலகைக்கு இன்னொரு ப்ரோக்ராம் வழியா கைமாத்தி விட்டா, நாலாயிரத்துச் சொச்சம் எழுத்து சேர்ற வரைக்கும் வாயில அடக்கி வச்சுக்கும்.

— அடப்பாவி! அதான் என் பலகையில ஒண்ணும் வரலையா!

— அண்ணே, தொட்டி நிரம்பின மாதிரி அந்த மிதவையைக் கையால தூக்குங்க.

— தூக்கிட்டேன்மா.

— பலகையில ஒண்ணும் வரலையே.

— உள்ளே எழுதியாச்சு சார், வெளிய வரலை. இப்ப ஆரம்பத்துல ஒரே ஒரு வரி சேக்கறேன். செட்-வி-பஃப். ‘வரி முடிஞ்சா வச்சுக்காதே, அனுப்பிடு’ன்னு அதுக்கு உத்தரவு. ஆச்சு, திரும்ப ஓட விட்டுட்டேன். தூக்குங்கண்ணே.

— இதோ!

— வந்துடுச்சு! மணியும் அடிக்குது! இன்னொரு தடவை தூக்குய்யா!

— நூறு தடவை தூக்குறேன் சார்! பாருங்க, கையை எடுக்கறதுக்குள்ள கத்துது!

— போதும்யா, காது கிழியுது. கடுதாசியைக் கிழிச்சுப் போட்டாச்சு. இந்தா, அன்னிக்கு உங்கிட்டேருந்து வாங்கி வச்ச மோட்டார் ரூம் சாவி. நாளைக்கு இல்ல, இப்பவே வேலையில சேரு.

— நான் தூங்கித்தான் வேலை போச்சுன்னு பதினோரு நாளா எம் பொண்ணு எங்கிட்ட பேசலை சார். இருங்க, ஒரு போன் பண்ணிக்கறேன்.

— பண்ணு, பண்ணு. ஏம்மா, இதை எழுதின மேதாவி யாரு? ‘ப்ரோக்ராம்ல குத்தமே இல்ல, ஆள்தான் கவனிக்கலை’ன்னு உங்க கம்பெனி அறிக்கை வேற அனுப்புச்சே. அந்த ஆளை இங்க கூட்டிட்டு வாங்க.

— வந்தாச்சு சார். ப்ரோக்ராமை எழுதினதும் நான்தான், அந்த அறிக்கையை எழுதினதும் நான்தான்.