காதில் விழாத வண்டி

இரவு பத்தேகால் மணி. கிண்டியிலிருந்து அடையாறு போகும் சாலை. ஒரு பக்கம் முழுக்கக் காடு... கவர்னர் மாளிகைக் காடு. விளக்குக் கம்பங்களில் பாதி எரியாது. திடீரென்று மான் குறுக்கே வரும். அந்த நேரத்துக்கு அந்த வழியாக ஒரே ஒரு ஜாவா மோட்டார் சைக்கிள் வரும். வில்லியமின் வண்டி.

நெருங்கி உட்காருங்கள். மெதுவாகச் சொல்ல வேண்டிய கதை இது.

வில்லியம் நம் சிநேகிதி நோராவின் மாமா. அத்தை மர்சலினின் புருஷன். நோரா இதைப் பகலில் சொல்வாள். இருட்டிய பிறகு யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவாள்.

கிண்டித் தொழிற்சாலையில் வில்லியமுக்கு இரண்டாம் ஷிப்டு. வீடு சாந்தோமில், மாதா கோயிலுக்குப் பின்னால். கல்யாணத்துக்கு முன்பே அவன் இரண்டு சைலென்சர்களிலிருந்தும் சத்தத்தை அடக்கும் உள்குழாயை உருவிப் பரணில் போட்டுவிட்டான். சத்தத்துக்காகத்தான். வண்டி கோயில் முனையில் திரும்பும்போதே தெருவில் ஜன்னல் கண்ணாடிகள் அதிரும். மர்சலின் அப்போது தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுவாள். போய் கேட்டின் பூட்டைத் திறப்பாள். அவன் காலை ஊன்றாமல் உள்ளே வந்துவிடுவான். ஒரு நாளும் அவன் கேட்டைத் தட்டியதில்லை.

பிறகு செலின் பிறந்தாள். அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இவள் தங்கினாள்... ஆனால் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டால் வீறிடுவாள். அப்படியே மூச்சு நின்றுவிடும். உதடு நீலமாகும். முதுகைத் தட்டி, முகத்தில் தண்ணீர் தெளித்தால்தான் மூச்சு திரும்பும். ஒருமுறை வண்டிச் சத்தத்துக்கே அப்படி ஆயிற்று. அன்று மூச்சு திரும்ப வெகு நேரம் ஆனது.

"என்னங்க, அந்த சத்தம் வேணாங்க," என்றாள் மர்சலின்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வில்லியம் முற்றத்தில் உட்கார்ந்தான். பரணிலிருந்து உள்குழாய்களை எடுத்துக் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறப்போட்டான். பழைய எண்ணெய்க் கரி கரைந்து வாளி கறுத்தது. கழுவித் துடைத்தான். கொதிகலன் குழாய்க்குச் சுற்றும் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு தொழிற்சாலையில் கிடைக்கும். வெள்ளைக் கயிறு. அதை நெருக்கமாகச் சுற்றி, கம்பியால் கட்டி, சைலென்சருக்குள் செருகி, பின்னால் நட்டை முடுக்கினான். மர்சலின் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டுக் கபாலி மெக்கானிக். பார்த்துக்கொண்டே நின்றான்.

"ஊர்ல அவனவன் சத்தம் வரணும்னு இத்தப் புடுங்கறான். நீ இன்னா நைனா, மப்ளர் சுத்தி வுட்டுக்கினு கீறே? வண்டிக்கு சளியா?"

"வூட்ல சின்ன முதலாளியம்மா தூங்குறாங்க."

வண்டி ஓடியது. பக்கத்தில் நின்றால்தான் தெரியும்... பூனை வயிற்றுக்குள் உறுமுவது போல. தெருவில் எல்லோருக்கும் நிம்மதி. ஹாரனும் கூடாது என்று ஏற்பாடு. வந்ததும் கல்யாண மோதிரத்தால் கேட்டில் இரண்டு தட்டு, மெல்ல. மர்சலின் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

சாப்பிட்டுவிட்டு அவன் குழந்தைக்குப் பக்கத்தில் படுப்பான். செலின் கண் திறக்க மாட்டாள். தூக்கத்திலேயே சுவர்ப் பக்கம் நகர்ந்து இடம் விடுவாள். அவன் படுத்தால் மட்டும். மர்சலின் படுத்தால் நகர மாட்டாள். அதில் அவனுக்குப் பெருமை.

அடையாற்றில் பழைய பாலத்துக்குப் பக்கத்தில் புதுப் பாலம் கட்டிக்கொண்டிருந்த வருஷம். ஐப்பசி மழை. பத்தரை தாண்டியது. மோதிரம் தட்டவில்லை. மர்சலின் விழித்தேதான் இருந்தாள். எங்கிருந்தோ எரிந்த எண்ணெய் வாசனை வந்தது. மண்ணெண்ணெய் அடுப்பு என்று நினைத்துத் திரியை இறக்கினாள். வாசனை போகவில்லை. ஓவர்டைம் போலிருக்கிறது என்று தோசைக்கல்லை இறக்கிவைத்தாள்.

விடியற்காலை, கோயிலில் முதல் மணி. கேட்டைத் திறந்தாள்.

வண்டி ஸ்டாண்டு போட்டு நின்றது. பக்கத்தில், கேட்டுக்குக் கை எட்டாமல், சுவரில் சாய்ந்து வில்லியம் உட்கார்ந்திருந்தான். சட்டையில் சேறு. விலாப் பக்கம் கிழிந்திருந்தது. காட்டோரம் எங்கோ விழுந்து, எழுந்து, ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். அடி உள்ளுக்குள். உடம்பு எப்போதோ சில்லிட்டிருந்தது.

கபாலி வண்டியைப் பார்த்தான். சாவி திருப்பியபடியே இருந்தது. டாங்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இல்லை. சைலென்சருக்கு நேரே சுவர் கறுத்திருந்தது. தீர்ந்து நிற்கும் வரை என்ஜின் ஓடியிருக்கிறது... அவள் கட்டிலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

ஸ்டாண்டு போடத் தெம்பு இருந்தவனுக்கு ஹாரன் அழுத்தத் தெம்பில்லையா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். மர்சலினுக்குத் தெரியும். குழந்தை தூங்குகிறாள்.

வண்டியைச் சைதாப்பேட்டை எண்ணெய்க் கடைக்காரர் சண்முகவேல் வாங்கிக்கொண்டார். அது போகிற அன்று மர்சலின் ஸ்பேனரை எடுத்து நட்டைக் கழற்றினாள். உள்குழாய்களை இழுத்தாள். கம்பியை வெட்டினாள்.

"அவுரு சுத்துனத ஏன்க்கா பிரிக்கிறே?" என்றான் கபாலி.

"ஒரே ஒரு தடவ கேட்டுடறேன் கபாலி. வந்தது எனக்குக் கேக்கவே இல்லியே."

குழாய்களை மட்டும் திரும்பச் செருகினாள். கறுத்துப்போன கயிற்றை வைத்துக்கொண்டாள். செலினைப் பக்கத்து வீட்டாரோடு கடற்கரைக்கு அனுப்பிவிட்டுக் கபாலி வண்டியை உதைத்தான். கோயில் முனை தாண்டும் வரை கேட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அன்று ராத்திரி, பத்தரை.

செலின் தூக்கிப்போட்டாற்போல எழுந்தாள். வீறிட்டாள். மூச்சு நின்றது. உதடு நீலம். மர்சலின் தட்டினாள், தண்ணீர் தெளித்தாள். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. அலை மட்டும்.

மறுநாளும். அதற்கு மறுநாளும். அதே நேரம். குழந்தையின் கண் கேட்டையே பார்க்கும். மர்சலின் காதை ஜன்னல் கம்பியில் வைத்து நின்றாள்... ஒன்றுமில்லை. பிறகு வாசனை வந்தது. எரிந்த எண்ணெய்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய் கேட்டைத் திறந்தாள். யாரும் இல்லை. "வந்துட்டீங்களா?" என்றாள். உள்ளே குழந்தைக்கு மூச்சு திரும்பியது.

அவன் வருகிறான். சத்தத்தோடு வருகிறான், அவள்தான் கயிற்றைப் பிரித்துவிட்டாளே. ஆனால் அந்தச் சத்தம் அவள் காதில் விழவில்லை. குழந்தையின் காதில் விழுகிறது. ஒவ்வொரு ராத்திரியும் மூச்சு திரும்ப இன்னும் கொஞ்சம் நேரமாகிறது.

வராதே என்று சொல்லிப் பார்க்க நினைத்தாள். வாய் வரவில்லை.

சைதாப்பேட்டைக்குப் பஸ் ஏறினாள். வண்டிக்குள் மறுபடியும் கயிறு சுற்ற வேண்டும் என்று கேட்டாள்.

சண்முகவேல் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "அது எங்கம்மா ஓடுது? வந்த அன்னைக்கே சர்வீசுக்கு எஞ்சினைப் பிரிச்சுல்லா போட்டிருக்கு. சைலென்சர் அந்தா ஆணியில தொங்குது."

"அந்த உள்குழாய் ரெண்ட மட்டும் குடுங்கண்ணே."

பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். "இது எதுக்கு தாயி?" என்று கேட்டார். அவள் பஸ்ஸுக்கு நடந்துவிட்டாள்.

சாயங்காலம் முற்றத்தில் உட்கார்ந்தாள். அதே கயிறு. அவன் சுற்றியது போலவே நெருக்கமாகச் சுற்றினாள். நுனியைப் பிடிக்க ஆள் இல்லை. கால் விரலில் இடுக்கிக்கொண்டாள். கம்பி கட்டும்போது சொன்னாள்: "எனக்குக் கேக்க வேணாங்க. நீங்க வாங்க. நான் தொறந்தே வெச்சிருக்கேன்."

குழாய்களைக் கேட்டுக்கு உள்பக்கம், சுவரோரம் வைத்தாள். பத்து மணிக்குப் பூட்டைக் கழற்றிக் கேட்டை விரியத் திறந்தாள். தோசைக்கல்லை ஏற்றினாள். கூடத்துக் கதவருகே வந்து நின்றாள். அங்கிருந்து கேட்டும் தெரியும், கட்டிலும் தெரியும்.

பத்தரை.

ஒரு சத்தமும் இல்லை. வாசனையும் இல்லை. செலின் எழவில்லை. மூச்சு சீராக ஏறி இறங்கியது. மர்சலின் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றாள். வரவில்லை என்று நினைத்தாள். வரவே மாட்டான், தன் கையாலேயே நிறுத்திவிட்டோம் என்று நினைத்தாள். அழுகை வந்தது. சத்தம் போடாமல் அழுதாள்.

அப்போது பின்னால் கட்டில் கயிறு முனகியது. திரும்பினாள்.

குழந்தை கண் திறக்கவில்லை. தூக்கத்திலேயே மெல்லச் சுவர்ப் பக்கம் நகர்ந்து... இடம் விட்டாள்.