மூன்றாவது விளி

விளக்குத் திரியை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். பயப்படுகிறவன் இப்போதே எழுந்து போகலாம். பாதியில் போனால் ஒற்றைக்குத்தான் போக வேண்டும், சொல்லிவிட்டேன். இது நம்ம குட்டப்பனின் மாமனார் ராஜையாவுக்கு நடந்தது.

அந்திக் கருக்கல். பாறசாலையிலிருந்து கொல்லயிலுக்குப் போகிற வண்டித்தடம். நம்ம தமிழ் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்த ஐம்பத்திநாலாம் வருசம்... காலையில் ஊர்வலத்தின்மேல் மலையாளப் போலீஸ் சுட்டதிலிருந்து வழியில் ஈ காக்கை இல்லை. ராஜையா தனியாக ஒற்றைமாட்டு வண்டி ஓட்டி வருகிறார். பின்னால் காய்ந்த தென்னோலைக் குவியல். ஓலைக்கு அடியில்... அவருடைய மச்சினன் கனகதாஸ். தொடையில் குண்டு.

ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் அங்கேயே வைத்து அடித்துக் கொன்றுவிடும். கொல்லயிலில் நர்ஸ் ஆனந்தபாய் இருக்கிறாள். இருட்டுவதற்குள் அவளிடம் சேர்த்தால் பிழைப்பான். வலி பொறுக்காமல் காயத்துக் கட்டைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தான் என்று, ராஜையாவின் மனைவி சுகுமாரி தோளில் போட்டிருந்த நேரியல் துணியைக் கிழித்து, தம்பியின் இரண்டு கையையும் மார்போடு சேர்த்துக் கட்டி அனுப்பினாள். "கேட்டியளா... எனக்க தம்பிய உயிரோட கொண்டு சேத்திரணும்" என்றாள். அழவில்லை. அழ நேரம் ஏது?

ராஜையாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த மனுசனை யாரும் இரண்டாவது தடவை கூப்பிட்டதே கிடையாது. "ராஜை..." என்னும்போதே "ஓ, உண்டு!" என்று பதில் பாய்ந்து வரும். ஊரே கேலி பண்ணும். காரணம் தெரிந்தவன் மட்டும் சிரிக்க மாட்டான்.

யுத்த காலத்தில் அவர் பர்மா பக்கம் விமானத்தில் வயர்லெஸ்காரர். விமானத்தை ஓட்டியவன் நெய்யாற்றின்கரை சத்தியராஜ். இரண்டே பேர்தான். உள்ளே ஒரு பெட்டி உண்டு. கீழேயிருந்து ராடார் "யாரது?" என்று அலையில் கேட்கும். பெட்டி தானாகவே "நம்ம ஆள்" என்று பதில் அனுப்பும். எதிரியின் பக்கம் போகும்போது அதை அணைத்து வைப்பார்கள். திரும்பும்போது, நம் எல்லைக்கு வருமுன்பே போட்டுவிட வேண்டும். பதில் வராவிட்டால் சொந்தப் பீரங்கியே சுடும்.

அன்றைக்கு மேகம். "பெட்டியப் போடு மக்கா!" என்று பின்னாலிருந்து ராஜையா கத்தினார். சத்தியராஜ் சிரித்தான். "ஒற்ற விளிக்கது பேயாக்கும். மூணு விளிக்கட்டு டே."

நம்ம ஊர்ப் பழக்கம்தானே. இருட்டில் பெயர் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டால் வாயைத் திறப்போமா? மூன்று தடவை கூப்பிட்டால்தான் மனுசன். அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். கை சுவிட்சுக்குப் போவதற்குள் கீழேயிருந்து குண்டு வந்தது. பெட்ரோல் பற்றிக்கொண்டது. ராஜையா பாராசூட்டில் குதித்தார். சத்தியராஜ் எரிந்துகொண்டே அலறினான் பாருங்கள்... அந்த அலறல் ராஜையாவின் காதை விட்டுப் போகவே இல்லை.

சரி, வண்டிக்கு வருவோம்.

பனைகள் முடிந்து வயல் தொடங்கும் இடம். மாடு நின்றது. அடித்தார். நகரவில்லை. மூக்கை விடைத்துக்கொண்டு நடுங்குகிறது. அப்போதுதான் வாடை வந்தது. பெட்ரோல்... கூடவே முடி கருகுகிற நாற்றம். தலைக்கு மேலே எஞ்சின் இரைச்சல். அண்ணாந்து பார்த்தார். வானத்தில் ஒன்றும் இல்லை.

"ராஜையா..."

மேலேயிருந்து. சத்தியராஜின் குரல். "ஓ" என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சட்டென்று ஓலைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

"மிண்டாதே, வாயத் தொறக்காதே... மூணு விளிக்கட்டு."

அந்தக் கை கொதித்தது. பையனுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது என்று நினைத்தார், பாவம்.

"ராஜையா..." இப்போது பனை உயரத்தில்.

வரப்புக்கு அப்பால் டார்ச் வெளிச்சம். பூட்ஸ் சத்தம். துப்பாக்கியில் குண்டேற்றுகிற சத்தம்... கடக், கடக்.

"ஆரெடா அது?"

இது போலீஸ். மனுசக் குரல். மூன்றாவது விளி.

பதில் சொன்னால் வந்து ஓலையைக் கிளறுவார்கள். சொல்லாவிட்டால் சுடுவார்கள். அது ராஜையாவுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்குத் தெரியும்? வாயைத் திறந்தார். கை இறுக்கியது. மணிக்கட்டில் தோல் பொசுங்குகிறது. சத்தம் வரவில்லை.

ஓலைக்கு அடியிலிருந்து பதில் போனது.

"நம்ம ஆளாக்கும்! வெடி வைக்காதே!"

கனகதாஸின் குரல் இல்லை அது.

தமிழ்ப் பேச்சு காதில் விழுந்ததும் சுட்டார்கள். மாடு முன்னங்கால் மடங்கிச் சரிந்தது, கழுத்திலிருந்து ரத்தம் பீய்ச்சியது. ஓலை சிதறிப் பறந்தது. பிடி விட்டது. ராஜையா வாய்க்காலுக்குள் உருண்டு கழுத்தளவு சேற்றில் கிடந்தார். போலீஸ்காரர்கள் வந்து ஓலையை இழுத்துப் போட்டு, துப்பாக்கிக் கட்டையால் கனகதாஸை இடித்தார்கள். முகத்தில் ஒன்று... நெஞ்சில் ஒன்று... எலும்பு நொறுங்குவது வாய்க்காலுக்குக் கேட்டது. அப்புறம் ஒருவன் நிறுத்தினான். "இவன் சத்திட்டு கொறே நேரமாயல்லோ" என்றான். செத்து ரொம்ப நேரம் ஆகிவிட்டதாம். தொட்டுப் பார்த்த இன்னொருவன் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினான். உடம்பு ஜில்லென்று விறைத்திருந்தது. ஒருவரும் அங்கே நிற்கவில்லை.

ராஜையா பிணத்தைத் தோளில் சுமந்துகொண்டு வீட்டுக்குத் திரும்பினார். சுகுமாரியின் முன்னால் கிடத்தினார். அவள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்புறம் அவருடைய மணிக்கட்டைப் பார்த்தாள். ஐந்து விரல் அச்சு, தீயில் வெந்த மாதிரி கொப்பளித்துக் கிடந்தது.

"எனக்க தம்பி கடைசியா ஒங்க கையப் பிடிச்சானா?"

"பிடிச்சான்" என்று சொல்லிக்கொண்டே ராஜையா கனகதாஸின் மார்பைப் பார்த்தார்.

இரண்டு கையும் கட்டின இடத்திலேயே இருந்தன. சுகுமாரி போட்ட முடிச்சு அவிழவே இல்லை.