நாற்பத்தொரு நிமிடம் ஓடிய என்ஜின்

எங்கள் ஊரில் என்ஜின் ரிப்பேர் என்றால் என்னைத் தவிர மற்ற எல்லோரையும் கூப்பிடுவார்கள், சார். அதில் எனக்கு வருத்தமில்லை. பொள்ளாச்சியில் ஒரு பஸ் பட்டறையில் இரண்டு வருடம் கிரீஸ் துடைத்துவிட்டு, அந்த ஒன்றை வைத்துக்கொண்டு நாற்பத்தைந்து வயதுவரை மெக்கானிக் என்று சொல்லித் திரிகிறவனை ஊர் வேறு எப்படி நடத்தும்?

யாரும் கூப்பிடாமல் நானாக ஸ்டேஷனுக்கு வந்திருப்பது ஒரு தவறைத் திருத்துவதற்காக. முந்தாநாள் எங்கள் தோட்டத்தில் உங்கள் ரைட்டர் எழுதியதை வாசித்துக் காட்டினார். 'அப்புசாமி என்பவன் செய்த என்ஜின் அடிக்கடி நின்றுபோனபடியால், கயிறு இழுத்து இழுத்து ஸ்டார்ட் செய்ததில் நெஞ்சடைத்துக் குப்பண்ணன் இறந்தார்.' அந்த அப்புசாமி நான்தான். குப்பண்ணன் என் பெரியப்பா மகன். அவர் இறந்தது உண்மை. என்ஜின் அடிக்கடி நின்றது என்பது பொய். அன்றைக்கு அது ஒரு தடவைகூட நிற்கவில்லை.

எங்கள் இருவருக்கும் கிணறு ஒன்று. ஒருநாள் தண்ணீர் அண்ணனுக்கு, மறுநாள் எனக்கு. போன வருடம் மழை ஏமாற்றியதில் தண்ணீர் ஐம்பது அடிக்குக் கீழே போய்விட்டது. மாடு கட்டி இறைத்துக் கட்டுப்படியாகவில்லை. கரண்டுக் கம்பியோ எங்கள் தோட்டத்துக்கு இரண்டு பர்லாங்கு தள்ளி நின்றுவிட்டது. மேலே என்ஜினை வைத்து உறிஞ்சினால் இருபத்தைந்து அடிக்கு மேல் தண்ணீர் ஏறாது. பம்பையும் என்ஜினையும் கிணற்றுக்குள்ளேயே, நாற்பதடி ஆழத்தில் இருக்கும் பாறைத் திட்டில் வைக்க வேண்டும். கடையில் விற்கிற ஆயில் என்ஜினை அந்தக் கல்படியில் இறக்க யானை பலம் வேண்டும். "சின்னதா நானே ஒண்ணு செஞ்சு போடறனுங்கண்ணா" என்று வாயைக் கொடுத்தேன்.

ஜாவா பைக்கின் சிலிண்டரைப் பழைய இரும்புக் கடையில் பிடித்தேன். லாம்ப்ரெட்டாவின் கிராங்க் வேலந்தாவளத்துச் சந்தையில் கிடைத்தது. கார்புரேட்டர், ஆனைக்கரை ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கிற மெஷினுடையது. அங்கே வேலை பார்க்கும் என் மச்சான், தூக்கிப்போட்டதை எடுத்துக் கொடுத்தான். அந்தப் பிஸ்டனுக்கும் இந்தக் கிராங்குக்கும் ஏழாம் பொருத்தம். மூன்று மாதம் அரம் வைத்து ராவினேன். சிலிண்டர் மூடிக்கு அடியில் வைக்கிற கேஸ்கட்டுக்குத் தாமிரத் தகடு கிடைக்காமல், என் மனைவி சின்னத்தாயியின் கலியாணச் செம்பை வெட்டினேன். அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேசத் தொடங்கிய பிறகுதான் அந்த ஒரு வாரத்தின் அருமை எனக்குத் தெரிந்தது.

டூ ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். நான் விளக்கெண்ணெய் கலந்தேன். ஸ்டார்ட் செய்தால் என்ஜின் பேதிக்குக் கொடுத்த பிள்ளை மாதிரி முனகும்.

ஆனால் ஓடியது, சார். பதினோரு நிமிடம் ஓடியது. பிறகு நின்றது. மறுபடி கயிறு சுற்றி இழுத்தால் மறுபடி பதினோரு நிமிடம். புகை வெளியே போக நாற்பதடிக்கு ஒரு குழாய் மாட்டியிருந்தேன். அவ்வளவு நீளத்துக்குப் புகையைத் தள்ள என் என்ஜினுக்குத் தம் இல்லை. புகை திரும்பி வந்து அதன் தொண்டையையே அடைத்தது. குப்பண்ண அண்ணன் கிணற்றுமேட்டில் கைக்கடிகாரத்தோடு நின்று எண்ணுவார். நின்றதும் கை தட்டுவார். எனக்குப் 'பதினொண்ணு' என்று பெயர் வைத்தவர் அவர்தான். பெயர் டீக்கடைக்குப் போனது, சந்தைக்குப் போனது. பங்குனியில் என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வழி கேட்டபோது, "பதினொண்ணு ஊடுங்களா?" என்று திருப்பிக் கேட்டுத்தான் கை காட்டியிருக்கிறார்கள். வந்தவர்கள் காபி குடித்தார்கள், சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பன்னிரண்டாவது நிமிடம் ஒன்றைத் தவிர இந்த உலகத்தில் எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

வழி சுலபம். குழாயைக் கழற்றிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை கழற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணனுடைய முறை. முறை யாருடையதோ அவர்தான் கிணற்றில் இறங்கி என்ஜினைக் கிளப்ப வேண்டும். மாடு கட்டிய காலத்திலிருந்து வேலை முறைக்காரனுடையது. நிறுத்துவதற்கு மட்டும் மேலே ஒரு வசதி செய்திருந்தேன். என்ஜினுக்குப் பொறி கொடுக்கிற மேக்னட்டோவிலிருந்து ஒயர் இழுத்து, கிணற்றுமேட்டுக் கல்தூணில் ஒரு லைட் சுவிட்ச் வைத்திருந்தேன். ஒரு விரல் போதும். மூன்று மாத வேலையில் முதல் நாளிலிருந்தே ஒழுங்காக வேலை செய்தது அந்தச் சுவிட்ச் ஒன்றுதான்.

"ஏண்டா அப்பு, உன்ற சட்டி இன்னைக்காச்சும் பன்னண்டத் தொடுமா?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினார். கீழே போனதும் குரல் வந்தது. "கொழாயக் காணமேடா?"

"அது வேண்டாமுங்கண்ணா. இப்பப் பொகையே வாரதில்லீங்."

இதைச் சொன்னது நான்தான். எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கயிறு சுற்றி இழுத்தார். ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. "கிளப்பீட்டு மேல வந்துருங்கண்ணா" என்று கத்தினேன். அவர் திட்டில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து பீடி எடுத்தார். "நான் எதுக்குடா நாப்பதடி ஏறி எறங்கோணும்? எப்படியும் நின்னுபோயிரும். இங்கயே உக்கோந்திருக்கறேன், போ."

யோசித்துப் பாருங்கள், சார். என் என்ஜின்மேல் அந்த மனுசனுக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்திருந்தால் மேலே ஏறி வந்திருப்பார்.

பதினோரு நிமிடம் ஆயிற்று. அண்ணன் இறங்குமுன் கழற்றிக் கொடுத்த கைக்கடிகாரம் என் கையில் இருந்தது. பன்னிரண்டு. கீழே எட்டிப் பார்த்தேன். நீலப் புகைக்குள் அண்ணன் தலைத்துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார். பதினாலாவது நிமிடத்தில் எழுந்திருக்கப் பார்த்தார். கால் நிற்கவில்லை, திரும்ப உட்கார்ந்தார். என்னைப் பார்த்துத் துண்டை ஆட்டினார். இரண்டு தடவை ஆட்டினார். நன்றாகத் தெரிந்தது. என் விரல் சுவிட்சின்மேல்தான் இருந்தது.

நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்கிறேன். அண்ணன் மேலே வந்து, மூச்சு வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பதினாலுடா" என்று கை தட்டியிருப்பார். எனக்கு அந்தப் பெயரும் வேண்டாம். இருபது வரட்டும் என்று நினைத்தேன். இருபது வந்ததும், எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது, அரைமணி வரட்டும் என்று தோன்றியது.

அப்போது அண்ணனின் மனைவி மயிலாத்தாள் தென்னைகளுக்கு அப்பாலிருந்து, மண்வெட்டியும் கையுமாகக் கூவினார். "தம்பி, தண்ணி கடைசிப் பாத்திக்கு வந்துருச்சு. நிறுத்தீராதீங்க." அந்தக் குடும்பத்திலிருந்து என் என்ஜினுக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அண்ணியின் பேச்சை நான் என்றைக்கும் தட்டியதில்லை. விரலை எடுத்துவிட்டேன்.

அதன்பிறகு நான் கீழே பார்க்கவில்லை. கடிகாரத்தைத்தான் பார்த்தேன். நாற்பத்தொன்றாவது நிமிடத்தில் பெட்ரோல் தீர்ந்து நின்றது. தானாக நின்றது என்று எழுதிவிடாதீர்கள். பெட்ரோல் தீர்ந்து நின்றது. கல்தூணில் கரித்துண்டால் நாற்பத்தொன்று என்று எழுதினேன். எழுத்து கோணலாக இருந்தது. அழித்துத் திரும்ப எழுதினேன். அதற்குப் பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன்.

அந்தப் புகை ஆளைக் கொல்லும் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும், சார். வெள்ளிக்கிழமை அண்ணன் ஊரில் இல்லாத நேரம் பார்த்துக் குழாயைக் கழற்றி, கிளப்பிவிட்டு உடனே மேலே வந்து, இருபது நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தேன். கிணற்றுப் பொந்துகளில் எட்டுப் புறாக்கள் குடியிருந்தன. எட்டும் விழுந்தன. புகை அடங்கியதும் இறங்கி, திட்டில் கிடந்ததைப் பொறுக்கி, தண்ணீரில் கிடந்ததை வாளியில் அள்ளி, தென்னைக்கு அடியில் புதைத்தேன். சனிக்கிழமை முழுதும் குழாய் என் களத்தில்தான் கிடந்தது. மாட்ட அரைமணி வேலை. மாட்டவில்லை. அண்ணனிடம் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் கிளப்பவே விட்டிருக்க மாட்டார்.

இது கொலைதான் என்கிறீர்கள். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். விரோதம் என்று மட்டும் எழுத வேண்டாம். ஒவ்வொரு தடவையும் என் என்ஜினைப் பார்க்க வந்து நின்ற ஒரே மனுசன் அவர். கேலி செய்வதற்கென்றாலும் வந்தாரல்லவா? இப்போது ஊரே வந்து பார்க்கிறது. பார்த்துவிட்டு, நின்று நின்று போன என்ஜின் என்று பேசிக்கொண்டு போகிறது. அதைக் கேட்டுக்கொண்டு எப்படி வீட்டில் உட்கார்ந்திருப்பது?

ரைட்டர் ஏன் பேனாவை வைத்துவிட்டார்? நாற்பத்தொரு நிமிடம் என்பதை நம்பவில்லையா? சாட்சி இருக்கிறது, சார். குப்பண்ண அண்ணன் இருந்தாரே. கிளப்பியதிலிருந்து கடைசிவரை, எழுந்து போகாமல், பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார்.